ஆறின டயரில் முப்பத்துமூன்று

மார்ச் 3, செவ்வாய்

தேதி கொடுத்துவிட்டார்கள். இருபத்தாறு, வியாழன் காலை. முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். "சளி, இருமல், காய்ச்சல் எதுவும் இருக்கக் கூடாதும்மா. இருந்தா மயக்க மருந்து குடுக்க மாட்டாங்க" என்று ஆஸ்பத்திரிப் பெண் போனில் ராகம் போட்டுச் சொன்னாள். எனக்கா சொல்கிறாள்? போன தடவை டாக்ஸி டிரைவர் வழிநெடுக இருமிக்கொண்டே வந்தான். மறுநாள் என் பெண் சிட்டுவுக்கு மூக்கு ஒழுகியது. ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தோம். அதற்கப்புறம் இன்றைக்குத்தான் மறு தேதி.

அவள் அண்ணத்தில் பிறந்ததிலிருந்தே ஒரு பிளவு. வாய்க்குள் காற்று நிற்காது, மூக்கு வழியே போய்விடும். டாக்டர் உள்ளங்கையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து "ஊது பாக்கலாம்" என்றார். கன்னம் உப்பவில்லை, காகிதமும் அசையவில்லை. குழந்தை அதையும் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. தாத்தாவை "நாந்நா" என்கிறாள். இன்னும் தள்ளிப்போட்டால் பேச்சு சரியாகப் படியாது என்கிறார்கள்.

இந்தத் தடவை டாக்ஸியும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். அண்ணன் வெளிநாடு போகும்போது விட்டுப் போன கார் வாசலில் சும்மா நிற்கிறது. நானே ஓட்டப் போகிறேன். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பதை எழுதாமல் விட்டால் மறந்துவிடுமா என்ன.

சிட்டுவின் அப்பா வேலை பார்க்கும் ஊரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாராம். "ஹைவேல நீயா?" என்று மட்டும் கேட்டார். மாமனாரிடம் சொன்னேன். ஜன்னல் வழியே வெளியே பார்த்துவிட்டு, "வெயில் காலம்" என்றார். அவ்வளவுதான். மாமா எப்போதுமே அப்படித்தான். ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விடுவார்.

மார்ச் 5, வியாழன்

பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம். பிடிக்கிற ஆள், "எவ்ளோ வைக்க?" என்றான். முழித்தேன். "எல்லாருக்கும் முப்பத்தஞ்சுதான் வெப்பேன்" என்று அவனே பதிலும் சொன்னான். எல்லாருக்கும் ஒரே செருப்பு போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து தேடினேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர், பாதி உரிந்தது. நாலு சக்கரத்துக்கும் காற்று முப்பத்துமூன்று. இவ்வளவு நாளும் அந்தக் கதவைத்தான் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 7, சனி

காற்று அளக்கிற கேஜ் ஒன்று வாங்கினேன், கடையில் இருந்ததிலேயே மலிவானது. நேற்று மாலை பங்க்கில் முப்பத்துமூன்று வைத்துக்கொண்டு வந்தேன். இன்று காலை என் கேஜில் இருபத்தொன்பது. ஒரே ராத்திரியில் நாலு குறையுமா? டயர் கோளாறா, கேஜ் கோளாறா, பங்க் ஆள் கோளாறா?

சிட்டுவைப் பின்சீட்டில் கட்டி உட்காரவைத்துக்கொண்டு அத்தனை தூரம் போகப் போகிறேன். கீழே நான்கு இடத்தில், ஆளுக்கு ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான் தரையைத் தொடுகிறது. அந்த நாலு உள்ளங்கையில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லையே எனக்கு.

மார்ச் 8, ஞாயிறு

பி.எஸ்ஸி. இயற்பியல். அதுவும் நல்ல மார்க். சூடானால் காற்றின் அழுத்தம் ஏறும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினவள்தான், பங்க் வரைக்கும் ஓட்டிச் சூடாக்கிய டயரில் அளவு வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ராத்திரி ஆறினதும் குறையாமல் என்ன செய்யும்? ஸ்டிக்கரில் இருக்கிற எண் ஆறின டயருக்கு. காலையில், வண்டியை நகர்த்துவதற்கு முன்னால், வெயில் படுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

ஆனால் சூடு மட்டும் நாலு குறைக்காது. ஆகவே பஞ்சர் கடைக்குப் போய் ஒரே டயரை அவர் கேஜிலும் என் கேஜிலும் பார்த்தோம். அவருடையது முப்பது, என்னுடையதும் முப்பதை ஒட்டி. அப்படியே பங்க்குக்குப் போனால் அங்கே முப்பத்திரண்டு. பங்க் முள்தான் அதிகம் காட்டுகிறது. இனி யார் கேஜையும் நம்புவதில்லை, என்னுடையதைத் தவிர. அதுவும் பொய் சொல்லலாம். சொல்லட்டும், தினமும் அதே பொய்யைச் சொன்னால் போதும், கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வழி இதுதான். பங்க்கில் கொஞ்சம் கூடவே வைத்துக்கொண்டு வருவது. மறுநாள் காலை ஆறினபின் கேஜை வைத்துப் பார்த்துப் பார்த்து இறக்குவது. குறைந்தால், டிக்கியில் அண்ணன் போட்டுவைத்திருக்கும் கால் பம்ப்.

மார்ச் 10, செவ்வாய்

காலை. நாலும் முப்பத்துமூன்று. நாலும்!

சிட்டு வால்வில் விரலை வைத்துவைத்து எடுத்தாள். புஸ் என்று காற்று பட்டதும் கண்ணை மூடிக்கொள்கிறாள். மாமா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ காத்தா?" என்றார். "கதவுல எழுதியிருக்கு மாமா" என்றேன். "கதவுக்கு என்ன தெரியும்" என்று உள்ளே போய்விட்டார்.

மார்ச் 11, புதன்

வண்டியை எடுக்கவே இல்லை. காலையில் வலப்பக்கம் இரண்டும் இருபத்தொன்பது. சுவரோரமாக நிற்கும் இடப்பக்கம் இரண்டும் முப்பத்தொன்று.

பஞ்சர் கடைக்காரர் நாலையும் கழற்றித் தொட்டியில் முக்கினார். ஒரு குமிழி இல்லை. வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டார். அங்கேயும் இல்லை. "நைட்ரஜன் அடிச்சுக்கங்க, குறையவே குறையாது" என்றார். சாதாரணக் காற்றிலேயே முக்கால்வாசி அதுதானே என்றேன். முகம் சுருங்கிவிட்டது. போகும்போது, "உங்களுக்கு வேண்டாதவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். சொன்னதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 13, வெள்ளி

நேற்று மறுபடி முப்பத்துமூன்று ஏற்றினேன். இன்று வெயில் பக்கம் இருபத்தொன்பது, நிழல் பக்கம் முப்பத்தொன்று. அச்சு அசலாக அதே.

ஓட்டை என்றால் ஒரு டயரில் இருக்கும். இரண்டில்கூட இருக்கும். ஓட்டைகள் கூட்டம் போட்டு, வெயில் பக்கம் இவ்வளவு, நிழல் பக்கம் இவ்வளவு என்று பேசிவைத்துக்கொண்டா ஒழுகும்? யாரோ இறக்குகிறார்கள்.

மாடி வீட்டுக்காரர். போன மாதம் வண்டி நிறுத்துகிற இடத்துக்குச் சண்டை போட்டாரே. படியில் பார்த்தபோது, "சார், குழந்தை போற வண்டி, அதுல விளையாடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். மனிதர் பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நான் எதுக்கும்மா விளையாடறேன்? எனக்கு மூட்டு வலி" என்றார்.

இப்போது நினைத்தால் கூசுகிறது. அவரால் குனியவே முடியாது.

மார்ச் 15, ஞாயிறு

சிட்டு இரண்டு தும்மல். அப்புறம் இல்லை. மிளகாய் வறுத்த நெடியாகத்தான் இருக்கும். இருக்க வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

மத்தியானம் சிட்டுவைத் தூங்கவைத்துவிட்டுத் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். கீழே எட்டிப் பார்த்தால் மாமா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கார் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். காய்ச்சலா என்று குழந்தை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் டயர்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தீக்குச்சியால் வால்வை அழுத்தினார். அப்புறம் பின்சக்கரம். அப்புறம் சுவர்ப் பக்கம். மூடிகளை மறக்காமல் திருகினார். எவ்வளவு பொறுமை.

துணியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து மடித்துவைத்தேன். அவருக்குக் காபிகூடப் போட்டுக் கொடுத்தேன். என்ன மனுஷி நான்.

ஏன்? நான் ஓட்டக் கூடாதா? இல்லை, ஆபரேஷனே வேண்டாமா? போன வருஷம் டாக்டர் தேதி சொன்னபோது, "இவ்ளூண்டு வாய்ல கத்தி வெக்கணுமா" என்று எழுந்து வெளியே போனவர்தானே. வண்டி கெட்டால் போக முடியாது, போக முடியாவிட்டால் கத்தி இல்லை. அப்படியா கணக்கு? சொந்தப் பேத்திக்கு யாராவது அப்படிச் செய்வாங்களா? சிட்டுவை மடியைவிட்டு இறக்காத மனுஷன். எதை நம்பறதுன்னே தெரியல எனக்கு.

மார்ச் 18, புதன்

கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"டயர்ல காத்த நீங்கதான் இறக்கறீங்களா மாமா?"

பேப்பரை மடித்தார். "ஆமா."

மறைப்பார் என்று நினைத்தேன். "எதுக்கு?"

"தொட்டுப் பாத்தியா நீ? உச்சி வெயில்ல கை பொசுங்குது. நீ காலைல வந்து முள்ளப் பாத்துப் பாத்து ஏத்திட்டுப் போற. வெடிக்காம என்ன பண்ணும்?"

"கதவுல..."

"கதவு, கதவு. நான் முப்பது வருஷம் பஸ்ல நின்னவன். டிக்கெட் கிழிச்சவன்தான், இல்லங்கல. ஒரு சித்திரை மாசம், மத்தியானம், முன் டயர் வெடிச்சுது. முன் சீட்ல ஒரு பொண்ணு, மடியில குழந்தை. கண்ணாடித் துண்ட நான்தான் அந்தக் குழந்தை தலையிலேருந்து பொறுக்கினேன். வெயிலுக்குக் காத்து ஜாஸ்தியாயிடுச்சுன்னு டிரைவர் சொன்னான். அதுலேருந்து வெயில் காலத்துல எந்த வண்டியா இருந்தாலும் கொஞ்சம் இறக்கிட்டுத்தான் ஏறுவேன்."

"குறைஞ்சாத்தான் மாமா சூடாகும். தொளதொளன்னு இருந்தா சுத்தற சுத்துக்கெல்லாம் நசுங்கி நசுங்கி..."

"உனக்குப் படிப்பு. எனக்குக் கை." எழுந்துவிட்டார். "பின்னாடி சீட்ல உக்காரப் போறது என் பேத்தி."

உள்ளேயிருந்து "நாந்நா" என்றாள். போய்த் தூக்கிக்கொண்டார்.

ஆக, கத்திக்காக இல்லை. நேற்று எழுதின பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் காரணம் நல்லதாக இருந்துவிட்டால் டயர் மன்னித்துவிடுமா? வெயில் பக்கம் அதிகச் சூடு, அதனால் அங்கே அதிகம் இறக்கியிருக்கிறார். தினமும் கொஞ்சம், பாசத்தோடு. புறப்படுகிற அன்றும் இறக்குவார். கூட வரப் போகிறவர், வழியில் டீ குடிக்க நிறுத்தினால், தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயும் இறக்குவார்.

மார்ச் 19, வியாழன்

வீட்டில் பேச்சு இல்லை. "சாப்பாடு", "வேண்டாம்", "வெச்சிருக்கேன்". சிட்டு மட்டும் இருவருக்கும் நடுவே பந்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அவரிடம் போனில் சொன்னேன். "அப்பாவ விடு. கொஞ்சம் கம்மியா இருந்தா என்ன ஆயிடும்? அவரு மனசுக்காக." மனசுக்காக! ஹைவேக்கு யார் மனசு தெரியும்? போனை வைத்துவிட்டேன்.

புத்தகத்தை எடுத்துக் காட்டினால் மாமா நம்பமாட்டார். முள்ளையும் நம்பமாட்டார். நம்புவது கையை மட்டும்தான்.

கையை.

மார்ச் 21, சனி

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

விடிகிற நேரம், டயரெல்லாம் சில்லென்று இருந்தன. மாமா பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் இரண்டில் ஒன்றை முப்பத்துமூன்றில் விட்டு, மற்றதை நானே இருபத்துநாலுக்கு இறக்கினேன். எது எது என்று சொல்லவில்லை. சிட்டுவை மாடி வீட்டு அம்மாவிடம் விட்டேன். (மூட்டு வலிக்காரர் கதவைத் திறந்தார். மன்னிப்புக் கேட்டேன். "பஞ்சரு யாரு வேலைன்னு தெரிஞ்சுதா?" என்றார், சிரிக்காமல். "எங்க வீட்டு ஆளுதான் சார்" என்றேன். அப்போது சிரித்தார்.)

"ஒரு நடை வரீங்களா மாமா?" என்றேன். எதற்கென்று கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார். புறவழிச் சாலையில் போய் அதே வழியே திரும்பினோம். வேகமாகப் போகவில்லை. காற்று குறைந்திருப்பது தெரிந்தே ஓட்டுவது எவ்வளவு பயம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. திருப்பத்தில் பின்பக்கம் லேசாக அலைந்தது. மாமாவுக்கும் தெரிந்திருக்கும். மேலே பிடியைப் பற்றிக்கொண்டார்.

வாசலில் நிறுத்தியதும் சொன்னேன். "பின்னாடி ரெண்டு டயர்ல ஒண்ணுல காத்து நிறைய இருக்கு, ஒண்ணுல கம்மி. கையை வெச்சுப் பாத்து எது நிறைன்னு நீங்களே சொல்லுங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். என்னடா பரீட்சை என்பதுபோல். வலப்பக்கம் உட்கார்ந்து தொட்டார். எழுந்து சுற்றிப் போய் இடப்பக்கம். கையை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார். ஓரத்தில் வைத்தார், அதையும் எடுத்தார். மறுபடி வலப்பக்கம் போய் அங்கே நிதானமாக வைத்துக்கொண்டே இருந்தார்.

"இடதுதான் நிறை" என்றார். "கொதிக்குது. நான் சொன்னேன்ல."

கேஜை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவரே வைத்தார். முள் இருபத்தேழில் நின்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். இருபத்தேழு. வலப்பக்கம் போய் வைத்தார். முப்பத்தாறு. அங்கிருந்தே இடப்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார், ஏதோ ஆள் மாறிப்போனதுபோல்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

திரும்ப இடப்பக்கம் போய் அந்த டயரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சூடு தாங்குமளவுக்கு ஆறிவிட்டதோ என்னவோ. "அப்ப அந்த பஸ்ஸு..." என்றார். முடிக்கவில்லை. முப்பது வருஷம் எத்தனை வண்டியில் காற்றை இறக்கியிருப்பார் என்று அவருக்கே ஓடியிருக்கும். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அப்புறம், "பம்ப் எங்க?"

டிக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு கையால் காரைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். வேர்த்துக் கொட்டியது. "நான் மிதிக்கறேன் மாமா." "நீ முள்ளப் பாரு."

"இன்னும் சூடா இருக்கு. இப்ப முப்பத்தாறு வரைக்கும் போகட்டும். காலைல ஆறினதும் பாத்து இறக்கிக்கலாம்."

"சரி" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

மார்ச் 23, திங்கள்

மூக்கு ஒழுகுகிறது. தண்ணீராக. கடவுளே, இதுக்கா இவ்வளவும்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "காய்ச்சல் இல்லல்ல? வாங்க, பாத்துட்டுச் சொல்றோம்." பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்களா? வெந்நீர் ஆவி, கம்பளி, ஜன்னல் சாத்து, ஜன்னல் திற. மாமா தன் துண்டை எடுத்து வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு அவளோடு விளையாடுகிறார். திருடன் மாதிரி இருக்கிறார். அவள் துண்டை இழுத்து இழுத்துச் சிரிக்கிறாள்.

மார்ச் 24, செவ்வாய்

மூக்கு காய்ந்திருக்கிறது. எழுதினால் கண் பட்டுவிடும், இதோடு நிறுத்துகிறேன்.

மார்ச் 25, புதன்

வந்து சேர்ந்துவிட்டோம். வார்டு கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் நான் கேஜை எடுக்கப் போனால் மாட்டிவைத்த ஆணியில் இல்லை. வெளியே மாமா. "முப்பத்துமூணு. நாலும். ஸ்டெப்னியும் பாத்துட்டேன், அதுல இருபதுதான் இருந்துச்சு, அடிச்சுட்டேன்." ஸ்டெப்னியை நான் நினைக்கவே இல்லை. இத்தனை பயந்தவள், டிக்கியில் ஐந்தாவதாக ஒன்று கிடப்பதை மறந்துபோனேன்.

பாதி வழியில் நிறுத்தினோம். உச்சி வெயில். நான் சிட்டுவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே கண்ணாடியில் பார்த்தேன். மாமா ஒவ்வொரு சக்கரமாகக் கையை வைத்துக்கொண்டு போனார். வலது முன். வலது பின். வால்வுப் பக்கம் கை போகிறதா? போகவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினார்.

"நாலும் ஒரே சூடு" என்றார். "எடு வண்டிய."

மயக்க மருந்து டாக்டர் சாயங்காலம் வந்தார். நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார், திரும்ப நெஞ்சில். மாமா சுவரோடு சுவராக நின்றார். "நாளைக்குக் காலைல முதல் கேஸ்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

மார்ச் 26, வியாழன்

முடிந்தது. தூங்குகிறாள். அவர் வந்துவிட்டார், கட்டில் காலைப் பிடித்தபடி நிற்கிறார். மாமா இன்னும் வராந்தாவிலிருந்து உள்ளே வரவில்லை.

மே 10, ஞாயிறு

ஊதி விளையாடலாம், இனி தையலுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லி இரண்டு நாள் ஆகிறது. நானும் காகிதத் துண்டு, பஞ்சு என்று வைத்து வைத்துப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். அவசரப்படக் கூடாது, பேச்சுப் பயிற்சிக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

காலையில் வழக்கம்போல் டயர் பார்த்தோம். இப்போதெல்லாம் மாமாதான் கேஜ், நான் பம்ப், சிட்டு மூடிகளுக்குக் காவல். மாமா ஒவ்வொரு மூடியாகக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைப்பார். முன் டயரில் புஸ் என்று ஒரு சொட்டுக் காற்றை விட்டார். அவள் குனிந்து, டயர் செய்ததையே தானும் செய்வதுபோல், கையிலிருந்த மூடியைப் பார்த்து உதட்டைக் குவித்தாள்.

கன்னம் உப்பியது.

மூடி உருண்டு கீழே விழுந்து, காருக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது.

மாமா அப்படியே தரையில் குப்புறப் படுத்துவிட்டார், தேடுகிற சாக்கில். "இங்கதான் எங்கியோ..." என்று அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது, சரியில்லாத குரல். நான் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எந்த டயருக்கு என்றே தெரியாமல். சிட்டு அடுத்த மூடிக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

நான்கு மூடிகளில் ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.